புன்னைத்துறைக்கு வாய் ஊறிய காலம்

உலகத்தில் எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் டாக்டர் ஞானசௌந்தரியின் கட்டுரையை முதன்முதலாக மேற்கோள் காட்டிய அந்தக் காலையில், புன்னைத்துறையில் இருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வாய் ஊறியது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஊறியது, மாதா கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்க வாய் திறந்து நின்றவர்களுக்கு ஊறியது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்த வாய்ப்பாடு பாதியில் அறுந்தது, பஞ்சாயத்து ஆபீசில் மேசைமேல் தலைவைத்துத் தூங்கிய கிளார்க்கின் கன்னத்துக்கு அடியில் குளம் கட்டியது, மீன் கழிவுக்குக் காத்திருந்த பூனைகள்கூட இரண்டு தடவை விழுங்கிக்கொண்டன. யாரோ கண்ணெதிரே பச்சை மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவியது போல இருந்தது. கொஞ்ச நேரம் ஊறி அடங்கிவிட்டது. காற்று திரும்பியிருக்கும் என்றார்கள் கரையில். கருவாட்டுக் கிட்டங்கியைத் திறந்திருப்பார்கள் என்றார்கள் தெருவில். வாயைத் துடைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அமலோற்பவம் மட்டும் போகவில்லை. பழைய சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தாள். வாயில் போட்ட சோறு தண்ணீர் இல்லாமல் தானாக நனைந்து, தானாகத் தொண்டைக்குள் இறங்கியிருந்தது. கன்னத்தில் வந்த புற்றுக்கட்டிக்கு வெளியூர் ஆஸ்பத்திரியில் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொண்டு திரும்பிய நாளிலிருந்து அவளுக்கு அப்படி இறங்கியதே கிடையாது.

அமலோற்பவம் புன்னைத்துறை ஏலக்கூடத்தில் மீன் ஏலம் கூறுகிறவள். அவள் குரலை நம்பிப் படகுகள் கரைக்கு வரும் என்று சொன்னால் அதில் பாதி உண்மை. வியாபாரிகள் விலையைத் தாழ்த்திப் பிடிக்கும்போது ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு சீலா மீனின் பெயரை அவள் நீட்டிச் சொல்வாள். அந்த நீட்டலிலேயே மீனுக்கு மினுமினுப்பு ஏறும், வாங்க வந்தவனுக்கு மனசு இளகும். கரண்டு வைத்ததில் கட்டி போய்விட்டது, எச்சிலும் போய்விட்டது. நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு விலை கூறுவதற்குள் வாய்க்குள் மணல் நிறைந்துவிடும். அதனால் மருமகள் ஏலம் கூற, அமலோற்பவம் தண்ணீர்ப் பாட்டிலோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மருமகள் நன்றாகத்தான் கூறினாள். அமலோற்பவத்துக்கு அதுவும் பொறுக்கவில்லை.

அன்று தட்டைக் கழுவிவைத்துவிட்டு அவள் நேராக ஞானசௌந்தரியின் வீட்டுக்குப் போனாள். எச்சிலைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அந்த ஊரில் போக வேண்டிய வீடு அது ஒன்றுதான்.

ஞானசௌந்தரி ஊர்க்கோடியில் இருந்த பல் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். காதோரத்திலும் தாடைக்கு அடியிலும் நாக்குக்குக் கீழும் இருக்கிற எச்சில் சுரப்பிகளைப் பற்றியே படித்து, அவற்றைப் பற்றியே எழுதி, தலையில் நரை விழ ஆரம்பித்திருந்தது. எச்சில் டாக்டர் என்று ஊரில் பெயர். மாத்திரை எழுதித் தர மாட்டாள், பல்லும் பிடுங்க மாட்டாள், பிறகு என்ன டாக்டர் என்று மீனவப் பெண்கள் அவள் கணவன் ஜெபசிங்கிடம் கேட்பார்கள். ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கிற ஜெபசிங், அவள் எழுதுகிறாள் என்று மட்டும் சொல்வான். அவள் எழுதியதும் உண்மைதான், அதை யாரும் படிக்கவில்லை என்பதும் உண்மைதான். கரண்டு பட்டுக் கருகிய சுரப்பி மறுபடியும் துளிர்க்கும், அதன் குழாய்களில் இருக்கும் செல்களே உருமாறி எச்சில் சுரக்கும் செல்களாக ஆகும் என்று எலிகளில் பார்த்துப் பார்த்து அவள் எழுதிய கட்டுரை வெளிவந்து பல வருஷம் ஆகியும், எத்தனை பேர் அதை மேற்கோள் காட்டினார்கள் என்று காட்டும் இடத்தில் ஒரு பூஜ்யம் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தது. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் அவள் அந்தப் பூஜ்யத்தைப் பார்ப்பாள். வீட்டில் நோயாளி இருந்தால் விடிந்ததும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்களே, அப்படி.

அன்று அது ஒன்றாக மாறியிருந்தது.

அமலோற்பவம் வந்து நடந்ததைச் சொன்னபோது ஞானசௌந்தரி தன் சந்தோஷத்தில் இருந்தாள். காலையில் தனக்கும்தான் ஊறியது, தன்னுடைய கட்டுரையை ஜப்பானில் ஒருவர் எடுத்துச் சொல்லியிருக்கிறார், அந்தச் சந்தோஷமாக இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அமலோற்பவம் சிரிக்கவில்லை. அடுத்து எப்போது சொல்லுவார்கள் என்று கேட்டாள்.

அடுத்தது மழைக்கு முன்னால் வந்தது. ஊருக்கு வாய் ஊறிய கையோடு அமலோற்பவம் ஓடிவந்து படியேறுவதற்குள் ஞானசௌந்தரி கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டிருந்தாள். பூஜ்யம் போன இடத்தில் இரண்டு இருந்தது. மூன்றாவது முறை ஜெபசிங் ஐஸ் கம்பெனியிலிருந்து போன் செய்து, இங்கே எல்லாருக்கும் ஊறுகிறது, யார் சொன்னது என்று கேட்டான். அதற்குப் பிறகு ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. புயல் எச்சரிக்கைக் கூண்டுக்குக் கடல் கட்டுப்படுவதை ஏற்றுக்கொண்டவர்கள் இதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

மேற்கோள்கள் எல்லாம் ஒன்றுபோல ஊறுவதில்லை என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு அதிக காலம் ஆகவில்லை. பத்துப் பெயர்களோடு பதினொன்றாக ஞானசௌந்தரியின் பெயரையும் போட்டுவிட்டுப் போனவர்களின் மேற்கோள், தூறல் விழுந்த மண்போல மேலாக நனைத்துவிட்டு உடனே காய்ந்தது. அவள் கட்டுரையோடு நின்று வாதாடியவர்களின் மேற்கோள் கொடுக்காப்புளி மாதிரி துவர்த்து, பிறகு புளித்து, மத்தியானம்வரை நாக்கில் நின்றது. அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அதற்கு மேல் ஓர் அடி எடுத்துவைத்தவர்களின் மேற்கோள் இருக்கிறதே, அது நெல்லிக்காய் தின்றுவிட்டுக் குடித்த தண்ணீர். வாயெல்லாம் தித்தித்து, நாள்கணக்கில் வற்றாமல் இருந்தது. அந்த நாள்களில் அமலோற்பவம் பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டு ஏலக்கூடத்துக்கு வந்து, மருமகளை நகரச் சொல்லிவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்று விலை கூறினாள். பாறை என்றால் கூடையில் பாறை மீன் துள்ளியது. ஊளி என்றால் கூட்டம் நெருங்கி வந்தது. பக்கத்துத் துறைப் படகுகள் முகத்தைத் திருப்பிப் புன்னைத்துறைக்கு வந்தன.

ஊர் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டது. சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளைகளின் தாய்மார் மேற்கோள் நாளுக்காகக் காத்திருந்து நாலு வாய் கூடுதலாக ஊட்டினார்கள். ஊறுகாய் வியாபாரம் படுத்தது, உப்புக்கண்டம் போடுகிறவர்களுக்கு நல்ல காலம் வந்தது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் துவர்ப்பு நாளாகப் பார்த்து வராதீர்கள், இனிப்பு நாளில் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். பங்குச்சாமியார், உலகத்து ஆராய்ச்சியாளர்களுடைய உடல் நலத்துக்காகவும் நல்ல கண்பார்வைக்காகவும் என்று பூசையில் ஒரு மன்றாட்டைச் சேர்த்தார். கடலுக்குப் போகிறவர்கள் கிளம்புமுன் ஜெபசிங்கிடம் ஐஸ் வாங்கிக்கொண்டு, அம்மா புதுசாக ஏதாவது எழுதுகிறார்களா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். நாக்கு வறண்டவர்கள் அமலோற்பவத்தைப் போல இன்னும் சிலர் அக்கம்பக்கத்து ஊர்களில் இருந்தார்கள். அவர்கள் புன்னைத்துறையில் சொந்தம் தேடி வந்து தங்கினார்கள். யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை.

ஞானசௌந்தரிக்கு இதெல்லாம் கூச்சமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது. தெருவில் நடந்தால் எழுந்து நின்றார்கள். வாழ்நாளெல்லாம் சுவரைப் பார்த்துப் பேசியவளுக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்ததுபோல இருந்தது. தான் எழுதியதை யாராவது எங்காவது படிக்கும் நேரத்தில் ஏலக்கூடத்திலிருந்து அமலோற்பவத்தின் குரல் வீட்டுவரைக்கும் கேட்கும். ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு அவள் அதைக் கேட்டுக்கொண்டே சமைப்பாள்.

கல்லூரியின் டீன் கோவர்த்தனன் கெட்ட மனிதர் இல்லை. கல்லூரியின் தரவரிசை ஏற வேண்டும், ஊரும் நன்றாக இருக்க வேண்டும், இரண்டும் ஒரே கல்லில் விழுகிற மாங்காய்கள் என்று அவருக்குத் தோன்றியதில் தப்பும் இல்லை. தூரத்தில் இருக்கிற சில கல்லூரிகளோடு பேசி, நீங்கள் எங்கள் டாக்டரின் கட்டுரையைச் சொல்லுங்கள், நாங்கள் உங்களுடையதைச் சொல்கிறோம் என்று ஏற்பாடு செய்துவிட்டார். ஞானசௌந்தரியிடம் சொன்னபோது அவள் வேண்டாம் என்றாள். ஊருக்காகத்தான் என்று அவர் சொன்னார்.

எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறியது. புன்னைத்துறையில் நுரை பொங்கியது. எச்சில் என்று சொல்லவும் முடியாது, சோப்புத் தண்ணீர்போல ருசியே இல்லாத நுரை. எல்லோருடைய வாயிலிருந்தும் ஓயாமல் வழிந்தது. தோளில் துண்டில்லாமல் ஆம்பிளைகள் வெளியே வரவில்லை, பெண்கள் முந்தானையை வாயில் பொத்தியபடி நடந்தார்கள். கல்யாண வீட்டுப் பாயசமும் சாவு வீட்டுக் கஞ்சியும் ஒன்றுபோல இருந்தன. கருவாட்டில் உப்பு ஏறியிருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பவர்கள் கையைப் பிசைந்தார்கள். சாமியார் பிரசங்கத்தை ஆரம்பித்த இடத்திலேயே முடித்தார். தெருவெல்லாம் துப்பித் துப்பி வழுக்கியது. அமலோற்பவம் ஏலக்கூடத்தில் நின்று வாயைத் திறந்தால் சொல்லுக்கு முன்னால் நுரை வந்தது. கடைசியில் ஊர்க்கமிட்டிக்காரர்கள் துண்டால் வாயைத் துடைத்தபடியே டீனைப் போய்ப் பார்த்து, உங்கள் நல்ல மனசுக்கு நன்றி, இதை நிறுத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். பேசும்போது தன் சட்டையும் நனைந்துகொண்டிருந்ததால் டீன் உடனே சம்மதித்தார். ஏற்பாடு கலைந்தது, நுரை வடிந்தது, ஒரு நல்ல மழை பெய்து தெருவைக் கழுவியது. பிறகு பழையபடி அவ்வப்போது தூறலும், எப்போதாவது புளிப்பும், அபூர்வமாக இனிப்புமாகக் காலம் போயிற்று.

அப்படியே போயிருக்கும். பொலிவியாவிலிருந்து எலிசியோ என்பவர் எழுதாமல் இருந்திருந்தால்.

எலிசியோ அந்த நாட்டின் உயரமான மலையூர் ஒன்றில் இருக்கிற சின்ன ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்கிறவர். ஞானசௌந்தரியின் கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்திருந்தார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். கருகிய சுரப்பியில் துளிர்க்கிறவை குழாய்ச் செல்கள்தானா என்று தனக்குச் சந்தேகம் இருக்கிறது, தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு சுரக்கும் செல்களே பெருகியிருக்கலாம், இரண்டையும் தனித்தனி நிறமாகப் பிரித்துக் காட்டுகிற சாயம் தன்னிடம் இருக்கிறது, எலிச் சுரப்பியின் சீவல்கள் ஒட்டிய உங்களுடைய பழைய கண்ணாடித் தகடுகளை அனுப்பினால் அவற்றிலேயே பார்த்துச் சொல்லிவிடலாம் என்று கேட்டிருந்தார். இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டுரையை நம்பி, குழாய்ச் செல்களை எழுப்புவதற்கான ஊசியை நோயாளிகளின் தாடையில் போட்டுப் பார்க்கத் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள், அதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.

ஞானசௌந்தரி மரப்பெட்டியைத் திறந்து தகடுகளை ஒவ்வொன்றாக மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். பல வருஷமாகக் குழாய்ச் செல்கள் என்று பார்த்துப் பழகிய கண் மறுபடியும் குழாய்ச் செல்களையே பார்த்தது. ஆனால் அந்த மனிதர் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு பார்த்தால் அப்படியும் இருக்கலாம்தான். அவள் கண்ணை எடுத்துவிட்டு வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தேகம் சரியென்று ஆகிவிட்டால் அவளுடைய கட்டுரையை அதற்குப் பிறகு யார் சொல்லப்போகிறார்கள்?

ஜெபசிங்கிடம் சொன்னாள். அவன், அனுப்பத்தான் வேண்டும், ஆனால் அமலோற்பவம் அக்காவிடம் சொல்லாமல் அனுப்பாதே என்றான்.

அமலோற்பவம் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். அந்த வாரம் இனிப்பு நாள்கள். குரல் கணகணவென்று இருந்தது.

"அனுப்பாதீங்க" என்றாள். "நான் வாய் திறந்து யார்கிட்டயும் ஒண்ணு கேட்டதில்ல. உங்ககிட்ட கேக்குதேன்."

ஞானசௌந்தரி அந்த ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னாள். உங்களைப் போல வாய் காய்ந்தவர்கள்தான் அங்கேயும் வரிசையில் நிற்கிறார்கள் என்று சொன்னாள்.

"அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. என்னை உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்க்கா. அதனாலதான் அவங்களையும் தெரிஞ்ச மாதிரி இருக்கு. நான் எழுதுனது பொய்யா இருந்தா, அதை நம்பி அவங்க தாடையில ஊசி குத்துவாங்க. வலிதான் மிஞ்சும். நீங்க இங்க ஏலம் கூறும்போது எனக்கு அந்த வலிதான் கேக்கும்."

அமலோற்பவம் வாசலுக்குத் திரும்பினாள். பிறகு, "அப்ப நீ முடிவு பண்ணிட்டுத்தான் கூப்பிட்டிருக்க" என்றாள். இத்தனை நாளும் நீங்க நீங்க என்று பேசியவள் அப்படிச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

தகடுகளைப் பஞ்சில் சுற்றி, பஞ்சைத் துணியில் சுற்றி, ஞானசௌந்தரி தன் கையாலேயே கூரியரில் போட்டாள். ஊருக்கு விஷயம் தெரிந்தது. திட்டியவர்கள் இருந்தார்கள், சரிதான் என்றவர்களும் இருந்தார்கள், இரண்டு தரப்பாரும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து ஒரே செய்தித்தாளைப் பங்கிட்டுப் படித்தார்கள். தெருவில் எழுந்து நிற்பவர்களில் சிலர் எழுந்து நிற்காமல் விட்டார்கள். சாமியார் மன்றாட்டை எடுத்துவிடவில்லை, நல்ல கண்பார்வைக்காக என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார். அமலோற்பவம் மட்டும் ஞானசௌந்தரி வருகிற பாதையில் வருவதையே நிறுத்திக்கொண்டாள்.

எலிசியோவின் கட்டுரை வெளிவந்தது மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில். அவர் சந்தேகப்பட்டது சரி. துளிர்த்தவை குழாய்ச் செல்கள் இல்லை. கருகாமல் தப்பிய ஒன்றிரண்டு சுரக்கும் செல்கள், ஒன்றும் மிச்சமில்லை என்று எல்லோரும் கைவிட்ட இடத்தில் ஓசைப்படாமல் பெருகியிருந்தன. பக்கத்துக்குப் பக்கம் ஞானசௌந்தரியின் பெயரைச் சொல்லி, அவள் எங்கே சரியாகப் பார்த்தாள், எங்கே கண் ஏமாந்தது, அவள் தகடுகளை அனுப்பாவிட்டால் இது தெரிந்தே இருக்காது என்று நின்று நிதானமாக அவர் எழுதியிருந்தார். அந்த நேரத்தில் புன்னைத்துறைக்கு ஊறியதைப்போல அதற்கு முன்னாலும் ஊறியதில்லை, பிறகும் ஊறவில்லை. புளிப்பும் துவர்ப்பும் இனிப்பும் ஒன்றாக வந்து, அதற்கு அடியில் யாரும் பெயர் வைக்காத ஒரு ருசியும் இருந்தது. சிலர் அதைக் குழந்தையில் குடித்த பால் என்றார்கள், சிலர் முதல் தடவை கடலுக்குப் போய்த் திரும்பியபோது குடித்த தண்ணீர் என்றார்கள். ஜெபசிங் ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதான், ஏன் என்று அவனுக்கும் தெரியவில்லை. ஞானசௌந்தரி கட்டுரையின் கடைசி வரிவரை படித்தாள். தான் எழுதியது தப்பென்று நிரூபித்த வரிகளைப் படிக்கப் படிக்கத் தன் வாயும் நிறைந்து, விழுங்கி விழுங்கிப் படித்தாள். வலித்தது. வலிக்கு நடுவே, இந்த மனிதர் என்னை எவ்வளவு நன்றாகப் படித்திருக்கிறார் என்றும் இருந்தது.

அந்த ஊற்று வற்றாமல் நின்ற நாள்களில் அமலோற்பவம் ஏலக்கூடத்தை விட்டு வீட்டுக்குப் போகவில்லை. சாப்பாடு அங்கேயே வந்தது. படகு வந்தாலும் கூறினாள், வராவிட்டாலும் கடலைப் பார்த்துக் கூறினாள். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த மீனுக்கு எந்த இடத்தில் மூச்சு இழுக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானசௌந்தரி ஜன்னலைத் திறந்துவைத்திருந்தாள். பிறகு ஒரு நாள், சூரை என்று சொல்ல எடுத்த வாய் பாதியில் ஒட்டிக்கொண்டது. அமலோற்பவம் பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, மிச்சச் சொல்லையும் சொல்லி அந்தக் கூடையை முடித்தாள்.

அதோடு சரி. உலகம் எலிசியோவின் கட்டுரையைச் சொல்ல ஆரம்பித்தது, ஞானசௌந்தரியின் கட்டுரையை விட்டுவிட்டது. அந்த ஆஸ்பத்திரியில் ஊசியை நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்தது. புன்னைத்துறையில் மாங்காயைப் பார்த்தால் ஊறியது, பசித்தால் ஊறியது, மற்ற ஊர்களில் எப்படியோ அப்படி. உறவு தேடி வந்து தங்கியவர்களில் சிலர் திரும்பிப் போனார்கள், சிலர் இங்கேயே பழகிவிட்டதால் இருந்துகொண்டார்கள். ஊறுகாய்க்காரருக்குப் பழைய வியாபாரம் திரும்பியது. அமலோற்பவம் ஒரு புது வழக்கம் வைத்துக்கொண்டாள்: பெரிய மீன்களை மட்டும் அவள் கூறுவாள், ஒரு விலைக்கும் அடுத்த விலைக்கும் நடுவில் ஒரு மடக்குத் தண்ணீர். அந்த இடைவெளியில் வியாபாரிகள் காத்திருந்தார்கள். குரல் உடைந்துதான் இருந்தது. கூட்டம் குறையவில்லை.

காற்று திரும்பி, கடல் தெளிந்த பிறகு ஒரு மாலையில் அவள் ஞானசௌந்தரியின் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள். "கோவம் இன்னும் போகல" என்றாள். "பேசணும் போல இருந்துச்சு, வந்தேன்."

ஞானசௌந்தரி டீ போட்டுக் கொடுத்துவிட்டு, தான் மறுபடியும் எழுதிக்கொண்டிருப்பதைச் சொன்னாள். எலிசியோ கண்டுபிடித்த அந்த ஒன்றிரண்டு செல்களை எப்படிக் காப்பாற்றிப் பெருக்குவது என்று தேடிக்கொண்டிருந்தாள். அவர் முடித்த இடத்திலிருந்து ஓர் அடி வைக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. பிறகு எலிசியோ எழுதியிருந்த இன்னொன்றையும் சொன்னாள். அவருடைய கட்டுரையை உலகத்தில் யாராவது மேற்கோள் காட்டுகிற நேரமெல்லாம் அந்த மலையூரில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வாய் ஊறுகிறதாம். அங்கே காற்று வறண்ட காற்றாம், சந்தையில் ஆட்கள் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களாம். அவருடைய மாமா ஒருவர், ஃபாஸ்டோ என்று பெயர், மினி பஸ்ஸின் வாசலில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயர்களைக் கூவி ஆள் ஏற்றுகிறவர், தொண்டையில் கரண்டு வைத்துக்கொண்டதிலிருந்து சும்மா உட்கார்ந்திருக்கிறாராம். ஆனால் இதுவரை வந்த மேற்கோள்கள் எல்லாம் தூறல்தான், கூவுகிற அளவுக்குக் காணவில்லையாம்.

அமலோற்பவம் டீயை வாய்க்குள்ளேயே வைத்திருந்து மெதுவாக விழுங்கினாள்.

"நீங்க எழுதுறதுல அவரு பேரு வருமா?"

"வரும்."

"பத்தோட பதினொண்ணா போட்டுட்டுப் போயிராதீங்க" என்றாள் அமலோற்பவம். "நின்னு பேசுங்க."

ஞானசௌந்தரி நின்று பேசினாள். எழுதி முடிக்க அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது. எலிசியோவின் கட்டுரையை ஒரு வரி விடாமல் எடுத்து, அவர் எங்கே சரி, எங்கே இன்னும் தெரியவேண்டியிருக்கிறது, அதற்கு மேல் தான் வைக்கிற அடி எது என்று பொறுமையாக எழுதினாள். அது வெளிவரும் நாளில் அமலோற்பவம் ஏலம் முடிந்து கைகளைக் கழுவிக்கொண்டு வந்தாள், மருமகளும் கூட வந்தாள், ஜெபசிங் ஐஸ் கம்பெனியைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்தான். நமக்குச் சாயங்காலம் என்றால் அங்கே காலை. நால்வரும் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அது மணியடித்தபோது எலிசியோ மூச்சு வாங்கப் பேசினார். ஞானசௌந்தரி இங்கிலீஷில் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னாள். ஊறிவிட்டதாம். தெருவே நின்றுவிட்டதாம். மாமா வீட்டைவிட்டு இறங்கி பஸ்ஸில் ஏறிவிட்டாராம், எலிசியோவும் பின்னாலேயே ஓடிவந்து அங்கேதான் நிற்கிறாராம்.

அமலோற்பவம் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். எஞ்சின் உறுமுகிற சத்தம், ஆள்களின் பேச்சு, அதற்கு மேலாக ஒரு மனிதன் ஏதோ ஊர்களின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி நீட்டிக் கூவிக்கொண்டிருந்தான். ஒரு பெயரும் அவளுக்குப் புரியவில்லை. ஒவ்வொரு பெயரின் முடிவிலும் நாக்கு அண்ணத்திலிருந்து ஒட்டாமல் வழுக்கி விலகுகிற சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஈரமா இருக்கு" என்றாள் மற்றவர்களிடம். "நல்லா இருக்கு."

அந்த மனிதன் மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினான். அமலோற்பவம் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தாள், நாக்கை ஒரு சுழற்றுச் சுழற்றினாள், எழுந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, உடைந்த குரலில் சீலா என்று போனுக்குள் நீட்டிக் கூவினாள். அந்தப் பக்கத்தில் பேச்செல்லாம் நின்றது. பிறகு அவன் சிரித்துவிட்டு ஓர் ஊரைக் கூவினான். அவள் ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் பாறை என்றாள். அவன் இன்னோர் ஊரைக் கூவினான். அவள் ஊளி என்றாள். ஞானசௌந்தரி தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து பாட்டிலை நிறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே ஆள் நிறைந்து பஸ் கிளம்புகிற சத்தம் கேட்கும்வரை அவர்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் கூவிக்கொண்டே இருந்தார்கள்.